கிளினிக் நாளில் போடாத குளிசை

மட்டக்களப்பு மண்டூரில் இருக்கும் என் மாமியை மாதம் ஒருமுறை கிளினிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. விடியப்புறம் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் இருந்து, கொப்பியைக் கொடுத்து, மருந்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மத்தியானம் ஆகிவிடும். ஒருமுறை பிரஷர் 170க்கு 100 என்று காட்டியது. "குளிசையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களா அம்மா?" என்று டொக்டர் கேட்டார். மாமி தலையாட்டினார். கொப்பியில் ஒரு குளிசையின் அளவு கூடியது.

திரும்பி வரும்போது, பாதையில் நின்றுகொண்டிருக்கையில்தான் விஷயம் வெளியே வந்தது. "பயணம் போற நாளையில அந்தச் சின்னக் குளிசைய மட்டும் போடுறல்ல மனே. பஸ்ஸில இருந்து எங்க இறங்கி ஒண்டுக்குப் போற?"

அந்தச் சின்னக் குளிசைதான் நீர்க்குளிசை, சிறுநீரைக் கூட்டிப் பிரஷரை இறக்குவது. கேட்கக் கேட்க இன்னும் வந்தது. கிளினிக் நாள் மட்டுமில்லை. கோயில் திருவிழா, கலியாண வீடு, மகள் வீட்டுக்குப் போவது எல்லாமே பயணம்தான். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் கிளினிக் நாள் காலையில் மற்றப் பிரஷர் குளிசைகளும் போடப்படவில்லை. அதாவது, குளிசை போடாத மாமியை அளந்துவிட்டு, குளிசை போட்ட மாமிக்கு மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடும் நாட்களில் பிரஷர் எவ்வளவு கீழே போகும், எழும்பி நிற்கும்போது தலைசுற்றி விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்ணிய வடிகட்டிக் குழாயான சிறுநீரகத்தியின் (நெப்ரோன்) படத்தை எத்தனையோ வருடங்களாகக் கரும்பலகையில் கீறுகிறேன். அந்தப் படத்துக்கும் மாமியின் பையில் இருக்கும் குளிசைக்கும் என்ன தொடர்பு என்பதை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் குளிசையை விட்டிருக்க மாட்டார், வேறு வழி கேட்டிருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிறுபோகத்தில் பம் வைத்து வயலுக்குத் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இரத்த அழுத்தம் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. குழாய்க்குள் அழுத்தம் கூடுவதற்கு மூன்று காரணங்கள்தான். பம் வேகமாக, பலமாக அடிக்க வேண்டும். அல்லது குழாய் ஒடுங்க வேண்டும். அல்லது குழாய்க்குள் ஓடும் தண்ணீரின் அளவு கூட வேண்டும். உடம்பில் பம் இதயம். குழாய், இரத்தக் குழாய்கள். அதிலும் குறிப்பாகத் தசைகளுக்கும் உறுப்புகளுக்கும் இரத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் மெல்லிய நாடிகள். தண்ணீர், இரத்தத்தின் மொத்தக் கனவளவு. உலகத்தில் உள்ள பிரஷர் குளிசைகள் அத்தனையும் இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோதான் பிடிக்கின்றன. நீர்க்குளிசை பிடிப்பது மூன்றாவதை.

மாரியில் வாவி நிறைந்து மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களுக்குள் தண்ணீர் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கடலுக்குப் போகும், மட்டம் இறங்கும். நீர்க்குளிசையும் அப்படி ஏதோ ஒரு வாயை வெட்டிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. சிறுநீரகத்தின் முகத்துவாரம் எந்த நேரமும் திறந்தேதான் இருக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் திரவம் இரத்தத்திலிருந்து வடிந்து சிறுநீரகத்திகளின் குழாய்களுக்குள் விழுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் சிறுநீரகத்திகள். வடிந்ததெல்லாம் அப்படியே வெளியே போனால் அரை மணித்தியாலத்தில் நாம் வற்றிப்போவோம். போவதில்லை, ஏனென்றால் அந்த 180 லீற்றரில் 99 சதவீதத்துக்கு மேல் மறுபடியும் இரத்தத்துக்குள் அள்ளி எடுக்கப்படுகிறது. மிஞ்சும் ஒன்றரை லீற்றர்தான் சிறுநீர்.

அந்த அள்ளும் வேலை எப்படி நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து இழுக்க ஏலாது. அது இழுப்பது உப்பை, அதிலும் சோடியத்தை. உப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் பின்னால் போகும். மாங்காய்த் துண்டுக்கு உப்புப் பிரட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் ஊறி நிற்கும், அதே கதைதான். ஒரு நாளில் வடியும் அந்த 180 லீற்றரில் கரைந்திருக்கும் உப்பைக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ வரும். கடையில் வாங்கும் ஒரு கிலோ உப்புப் பையில் ஒன்றரைப் பை. அதை ஒவ்வொரு நாளும் சிறுநீரகம் வெளியே விட்டு, திரும்ப உள்ளே எடுத்து, நாம் சாப்பிட்டதற்குச் சமமான சில கிராம்களை மட்டும் வெளியேற்றுகிறது.

நீர்க்குளிசை புதிதாக எந்த வாயையும் வெட்டுவதில்லை. வெளியே போன உப்பைத் திரும்ப அள்ளிக்கொண்டு வரும் ஆட்களில் சிலரைக் கொஞ்ச நேரத்துக்கு வேலையிலிருந்து நிறுத்தி வைக்கிறது. அள்ளப்படாத உப்பு சிறுநீரோடு போகிறது, அதன் பின்னால் தண்ணீரும் போகிறது. நீர்க்குளிசை என்று பெயர் வைத்திருக்கிறோம். உப்புக்குளிசை என்று வைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது.

எந்த இடத்து ஆட்களை நிறுத்துகிறது என்பதைப் பொறுத்துத்தான் குளிசையின் குணம் மாறுகிறது. சிறுநீரகத்தியின் தொடக்கப் பகுதியிலேயே உப்பில் மூன்றில் இரண்டு பங்கு அள்ளப்பட்டுவிடும். அடுத்து வரும் என்லேயின் தடம் என்ற வளைந்த குழாயில் கால் பங்கு. அதைத் தாண்டிய சேய்மைக் குழாயில் ஏறக்குறைய 5 சதவீதம். கடைசியில் சேர்க்கும் கானில் இரண்டு, மூன்று சதவீதம். புரூசமைட், லாசிக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த குளிசை, அந்தக் கால் பங்கு அள்ளும் இடத்தில் போய் உட்காருகிறது. அதனால்தான் அரை மணியில் தொடங்கி ஆறு மணித்தியாலத்துக்கு ஆளை ஓட ஓட விரட்டுகிறது. இதயம் பலவீனமாகி நெஞ்சில் நீர் கோத்தவருக்கு, கால் கை வீங்கி மூச்சு வாங்குபவருக்கு இது உயிர் காக்கும் மருந்து. மாமி போடும் ஹைட்ரோகுளோரோதயசைட் 5 சதவீதம் அள்ளும் இடத்தில் வேலை செய்வது. வேகம் குறைவு, ஆனால் அரை நாளுக்கு மேல் நிற்கும்.

அப்படியென்றால் பிரஷருக்குப் பலமான லாசிக்ஸையே கொடுக்கலாமே என்று தோன்றும். சாதாரண பிரஷருக்கு அது சரிவருவதில்லை. ஆறு மணித்தியாலம் உப்பை இழந்த உடம்பு, மருந்து தீர்ந்தவுடன் மிச்ச நேரமெல்லாம் இழந்த உப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். மெல்லப் பேசி நாள் முழுக்க நிற்பவன், கத்திவிட்டு உடனே போய்விடுபவனை விட இங்கே பயன். சிறுநீரகத்தின் வேலை நன்றாகக் குறைந்தவர்களுக்குக் கணக்கு மாறும். அதை டொக்டர்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் குளிசைகள் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். 1919 இல் வியன்னாவில் அல்பிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், மேகநோய்க்கு ஊசியாகக் கொடுத்த பாதரசம் கலந்த மருந்து நோயாளியின் சிறுநீரைப் பல மடங்கு கூட்டுவதைக் கவனித்தார். அதன் பிறகு பல வருடங்கள், உடம்பில் நீர் கோத்தால் இரச ஊசிதான் வழி. பிரஷருக்கென்று நிம்மதியாகப் போடக்கூடிய குளிசை எதுவும் இல்லை. 1945 ஏப்ரல் 12 இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய அழுத்தம் 300க்கு 190 என்று பதியப்பட்டது. உலகத்தின் மிகப் பெரிய பதவியில் இருந்தவருக்குக் கொடுக்க அவருடைய டொக்டரிடம் சரியான மருந்து இல்லை. 1958 இல்தான் குளோரோதயசைட் வந்தது. மாமி போடுவது அதன் தம்பி. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது மண்டூர்க் கிழவிக்கு அரச மருந்தகத்தில் ஒரு சதமும் கொடுக்காமல் கிடைக்கிறது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு போடாமல் இருப்பதை நினைத்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

சரி, குளிசைக்குத் திரும்புவோம். ஆட்கள் நீர்க்குளிசையை நிறுத்துவதற்கு இரண்டு காரணங்களை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒன்று, "முந்தி மாதிரி இப்ப மூத்திரம் போகுதில்ல, குளிசை வேலை செய்யுதில்ல" என்பது. இது நியாயமான சந்தேகம். மாமி போடுவது போன்ற தயசைட் வகைக் குளிசை தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களில் உப்பும் நீரும் கூடுதலாகப் போகும், இரத்தத்தின் கனவளவு குறையும், அதனால் அழுத்தம் இறங்கும். சில வாரங்களில் உடம்பு சமாளித்துக்கொள்ளும். கனவளவு ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும், சிறுநீரும் வழமை போல் ஆகிவிடும். ஆனால் அழுத்தம் மட்டும் திரும்ப ஏறாது. ஏனென்றால் அதற்குள் சிறிய நாடிகள் இளகத் தொடங்கியிருக்கும். அவை ஏன் இளகுகின்றன என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இளகுகின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆகவே நீர்க்குளிசை வேலை செய்கிறதா என்பதைச் சிறுநீரை வைத்துப் பார்க்கக் கூடாது, பிரஷர் மெசினை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மாமியின் பயண நாள் பிரச்சினைக்கும் இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வருடக்கணக்காகத் தயசைட் போடுபவருக்கு அது முதல் வாரத்தைப் போல ஓட விரட்டுவதில்லை. விரட்டும் என்ற பயம் மட்டும் பழைய நாளிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இரண்டாவது காரணம், "கால் குறண்டுது". இது கற்பனையில்லை. மேலே அள்ளப்படாத சோடியம் சிறுநீரகத்தியின் கடைசிப் பகுதிக்கு வந்து குவியும்போது, அந்த இடம் கொஞ்சத்தையாவது மீட்கப் பார்க்கிறது. சோடியத்தை உள்ளே எடுப்பதற்குப் பதிலாகப் பொற்றாசியத்தை வெளியே கொடுக்கிறது. பண்டமாற்று மாதிரி. இப்படிப் பொற்றாசியம் குறைந்தால் தசை பலவீனப்படும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், மிகவும் குறைந்தால் இதயத்தின் துடிப்பே தடுமாறும். சோடியமும் சிலருக்குத் தேவைக்கு மேல் இறங்கிவிடும். வயதானவர் திடீரென்று குழம்பிக் கதைத்தால், நடை தள்ளாடினால், அது வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் இரத்தம் சோதிக்க வேண்டும். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவப்பதும் உண்டு. கிளினிக்கில் இடையிடையே இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவது இதற்காகத்தான். அந்தத் துண்டைக் கொப்பிக்குள் மடித்து வைத்துவிட்டு அடுத்த மாதமும் அப்படியே கொண்டுபோகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

உடம்பு சமாளித்துக்கொள்ளும் என்றேன் அல்லவா. உப்பும் நீரும் குறைவதைச் சிறுநீரகம் ஒரு ஆபத்தாகத்தான் பார்க்கிறது. பஞ்சத்திலும் வரட்சியிலும் உப்பைச் சேமித்து உயிர் பிழைத்த உடம்பு இது. அழுத்தம் இறங்கியதும் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை இரத்தத்தில் விடுகிறது. ரெனின், ஈரல் செய்து வைத்திருக்கும் ஒரு புரதத்தை வெட்டி அஞ்சியோரென்சின் ஒன்றை உண்டாக்கும். அது நுரையீரலுக்குள் போகும்போது அங்குள்ள நொதியம் இன்னொரு வெட்டு வெட்டி அஞ்சியோரென்சின் இரண்டாக மாற்றும். இந்த இரண்டாவதுதான் வில்லன். நாடிகளை இறுக்கிப் பிடிக்கும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பியைத் தட்டி அல்டோஸ்டரோன் என்ற ஓமோனைச் சுரக்க வைக்கும். அல்டோஸ்டரோன் போய், "உப்பை விடாதே, அள்ளு" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். நீர்க்குளிசை ஒரு பக்கம் அள்ளுபவர்களை நிறுத்த, உடம்பு மறுபக்கம் புதிய ஆட்களை அனுப்புகிறது.

"ஒண்டுக்கு ரெண்டு மூண்டு குளிசை என்னத்துக்கு? ஒண்டையே பெரிசாத் தந்தாக் காணாதா?" என்று மாமி கேட்டதற்குப் பதில் இதுதான். நீர்க்குளிசையோடு வேறு வகைப் பிரஷர் குளிசைகளான லொசாட்டானோ எனலாப்ரிலோ சேர்த்துக் கொடுக்கும்போது, அந்த எதிர்வேலை நடக்கும் பாதை அடைபட்டுவிடுகிறது. எனலாப்ரில் நுரையீரலில் நடக்கும் அந்த இரண்டாவது வெட்டைத் தடுக்கும். லொசாட்டான் வெட்டு நடக்க விட்டு, வில்லன் போய்த் தட்டும் கதவைப் பூட்டி வைக்கும். இன்னொரு நன்மையும் உண்டு: நீர்க்குளிசை பொற்றாசியத்தை இழக்க வைக்கும், இவை பொற்றாசியத்தைப் பிடித்து வைக்கும். ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது.

எனலாப்ரிலின் குடும்பம் பிறந்த கதை பாம்பு விஷத்தில் தொடங்குகிறது. பிரேசிலில் ஜராராக்கா என்று ஒரு பாம்பு, விரியன் குடும்பத்தது. அது கடித்தவர்களின் இரத்த அழுத்தம் சடாரென்று விழுந்துவிடலாம். 1960களில் சேர்ஜியோ பெரெய்ரா என்ற பிரேசில் விஞ்ஞானி அந்த விஷத்தை ஆராய்ந்தார். அதில் இருந்த சிறிய புரதத் துண்டுகள் அந்த நொதியத்தை அடைப்பது தெரிய வந்தது. அதை மாதிரியாக வைத்துக் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இருவர் கப்டோப்ரில் என்ற மருந்தைச் செய்தார்கள். அது 1981 இல் பாவனைக்கு வந்தது. வட்டைக்குள் கதிர் அறுக்கும் காலத்தில் புடையன் கடிக்குப் பயந்து வாழும் ஊர் நம்முடையது. விஷத்துக்குள்ளிருந்தும் மருந்தை எடுக்கிற மனித புத்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

எனலாப்ரில் போடும் சிலருக்கு வரட்டு இருமல் வரும். அந்த நொதியம் பிரடிகைனின் என்ற இன்னொரு பொருளையும் உடைப்பது வழக்கம். அதை உடைக்க விடாமல் தடுத்ததால் அது தேங்கித் தொண்டையைக் கிளறுகிறது. சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, இருமல் மருந்துப் போத்தல் எத்தனை குடித்தாலும் போகாது. டொக்டரிடம் சொன்னால் பெரும்பாலும் லொசாட்டானுக்கு மாற்றிவிடுவார். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும் இந்த இரண்டு வகையையுமே போடக் கூடாது, கருவில் இருக்கும் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முகமோ உதடோ நாக்கோ வீங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

குழாயை அகலப்படுத்தும் இன்னொரு மருந்து அம்லோடிப்பின். நாடிச் சுவரில் இருக்கும் தசை சுருங்குவதற்குக் கல்சியம் உள்ளே நுழைய வேண்டும். அம்லோடிப்பின் அந்த வாசலை அடைக்கிறது, தசை இளகுகிறது. நிபெடிப்பினும் இதே வகைதான். அம்லோடிப்பின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் எடுக்கும். அதனால் ஒரு நாள் மறந்தால் உலகம் கவிழாது. அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்துப் போடவும் கூடாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, பலரும் இதில்தான் வழி தவறுகிறார்கள். அம்லோடிப்பின் போடும் சிலருக்குப் பின்னேரத்தில் கணுக்கால் வீங்கும். நாடிப் பக்கம் மடை அகலமாகத் திறந்து, இரத்தம் திரும்பிப் போகும் நாளப் பக்கம் வடிகால் பழைய அகலத்திலேயே இருந்தால் இடையில் இருக்கும் வரம்பில் தண்ணீர் கசியத்தானே செய்யும். வீக்கம் அந்தக் கசிவு. உடம்பில் உப்பும் நீரும் கூடியதால் வந்தது இல்லை. ஆகவே நீர்க்குளிசை போட்டால் பெரிதாகக் குறையாது. ஆனால் கால் வீங்கியது என்றவுடன் பாமசியில் தாமாகவே லாசிக்ஸ் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு பொற்றாசியம் குறைகிறது, கால் குறண்டுகிறது, அதற்கு இன்னொரு குளிசை. ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து என்று சங்கிலி நீள்கிறது. அளவைக் குறைப்பது, லொசாட்டான் வகையைச் சேர்ப்பது என்று வழிகள் உண்டு. நாளப் பக்கத்து வடிகாலையும் அது கொஞ்சம் அகலமாக்கும் என்பதால் வீக்கம் இறங்கும். கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், ஈரல் என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் டொக்டருக்குக் காட்டாமல் எதுவும் தீர்மானிக்க ஏலாது.

பம்மின் வேகத்தைக் குறைக்கும் அதெனோலோல், பிசோப்ரோலோல் வகையைப் பற்றி இரண்டு விஷயம் போதும். ஆஸ்துமாக்காரர் தமக்கு அந்த வருத்தம் இருப்பதைச் சொல்லாமல் இதை வாங்கக் கூடாது. சடுதியாக நிறுத்தவும் கூடாது. இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த இதயம் ஒரேயடியாகத் துள்ளும்.

மூன்று சிறிய அளவுகள் ஒரு பெரிய அளவை விட நல்லது என்பதற்கு நம் நாட்டிலேயே செய்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இலங்கையின் ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரைச் சேர்த்து நடத்தி, 2018 இல் வெளியிட்டார்கள். டெல்மிசாட்டான் 20, அம்லோடிப்பின் 2.5, குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம் மூன்றையும் ஒரே குளிசையாக்கி ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழமையான வைத்தியம். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது மூன்றும் சேர்ந்த குளிசை போட்டவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு அழுத்தம் இலக்குக்குள் வந்திருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு. குழாய், தண்ணீர் என்று பல பக்கங்களிலிருந்து மெல்ல மெல்லப் பிடிப்பதன் பலன் அது.

இனி மாமியின் கேள்விக்கு. பயணம் போகும் நாளில் என்ன செய்வது? நீர்க்குளிசையைக் காலையில் போடச் சொல்வது இரவு நித்திரை கெடக் கூடாது, இருட்டில் எழும்பிப் போய் விழக் கூடாது என்பதற்காகவே. காலை ஆறு மணிக்கென்று எந்த மந்திரமும் கிடையாது. பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்வு 2022 இல் வெளிவந்தது. பிரஷர் குளிசையைக் காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் இல்லை என்று அது காட்டியது. ஆகவே பயண நாளில் வீடு திரும்பிய பிறகு, பின்னேரத்துக்கு முன் நீர்க்குளிசையைப் போடலாமா என்று டொக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை இருந்தாலும் பிரஷர் குளிசையை வெறும் தண்ணீரோடு போடுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. நீரிழிவுக்கான சீனிக் குளிசைதான் வேறு கதை. எதையாவது போடாமல் வந்திருந்தால், மெசினைக் கையில் சுற்றும்போதே "இண்டைக்கு இன்ன குளிசை போடல்ல" என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வசனம் கூடுதல் மருந்தொன்றைத் தடுத்துவிடும்.

குளிசை ஒழுங்காகப் போட்டும் இறங்காத பிரஷருக்குக் காரணம் சிலவேளை குசினிக்குள் இருக்கும். உப்பை ஒரு வாசலால் வெளியேற்றிக்கொண்டு மறு வாசலால் கருவாட்டுக் குழம்பாக உள்ளே அனுப்பினால் குளிசை என்ன செய்யும்? நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது எல்லாக் கறியும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. லொசாட்டான், எனலாப்ரில் வகைகளின் பலமும் உப்புக் கூடினால் மங்கிவிடும். கருவாட்டை அடியோடு விடுங்கள் என்று மட்டக்களப்பில் பிறந்த நான் சொல்ல மாட்டேன். மாதத்தில் எத்தனை நாள் என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

வயல் வேலை செய்து முதுகு நோவென்று டைக்குளோபெனாக் போடுவது இன்னொன்று. சிறுநீரகத்துக்குள் இரத்தம் தாராளமாக ஓட உதவும் பொருட்களை அந்த நோக்குளிசை குறைத்துவிடும். உப்பு தேங்கும், நீர்க்குளிசை மழுங்கும். நீர்க்குளிசை, லொசாட்டான், நோக்குளிசை மூன்றும் ஒருசேரச் சேர்ந்தால் சிறுநீரகமே திடீரென்று நின்றுபோன சம்பவங்கள் மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருக்கின்றன. இருமலுக்குக் கசாயம் வைக்கும் அதிமதுரமும் நாட்கணக்கில் குடித்தால் அல்டோஸ்டரோன் செய்யும் வேலையையே செய்து, உப்பைப் பிடித்து வைத்துப் பொற்றாசியத்தைக் குறைக்கும். இளநீர் இதற்கு நேர் எதிர். பொற்றாசியம் நிறைந்தது என்பதால் நீர்க்குளிசை மட்டும் போடுபவருக்குப் பிரச்சினையில்லை. லொசாட்டானும், பொற்றாசியத்தைப் பிடித்து வைக்கும் நீர்க்குளிசையான ஸ்பைரோனோலக்ரோனும் போட்டுக்கொண்டு சிறுநீரகமும் பலவீனமானவர் தினமும் குடித்தால் பொற்றாசியம் ஏறி இதயத்தைத் தாக்கலாம். ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் வியர்வையோடும் உப்பும் நீரும் போகும். அந்தக் காலத்தில் நீர்க்குளிசை போடுபவர் எழும்பி நிற்கும்போது கண் இருட்டினால் பிரஷரை அளந்து பார்த்து டொக்டரிடம் கதைக்க வேண்டும். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்த நாளில் நீர்க்குளிசையையும் லொசாட்டான் வகையையும் தொடர்வதா, சில நாள் நிறுத்துவதா என்று உடனே கேட்பது அவசியம். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று நம் கரையெங்கும் நோன்பு பிடிக்கும் சகோதரர்கள் ரமழான் தொடங்குவதற்கு முந்திய கிளினிக்கிலேயே இதைக் கதைத்துக்கொள்வது நல்லது. விடியுமுன் சஹர் உணவோடு நீர்க்குளிசை போட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது கடினம். பொதுவாக நோன்பு திறந்த பிறகு போடும்படி மாற்றிக் கொடுப்பார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் மாமி மற்றக் குளிசைகளைத் தண்ணீரோடு போட்டார். நீர்க்குளிசையைத் துண்டில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். டொக்டர் கேட்பதற்கு முன்னரே அதை எடுத்து மேசையில் வைத்து, "இத வீட்ட போய்த்தான் போடுவன் மகன், பஸ்ஸில ஏலாது" என்றார். டொக்டர் சிரித்துக்கொண்டு, பகல் இரண்டு மணிக்குள் போடலாம் என்று கொப்பியில் எழுதினார். போன முறை கூட்டிய அளவைப் பழையபடி குறைத்துவிட்டு, இரண்டு கிழமைக்குள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மெசின் அன்று 146க்கு 88 காட்டியது.